அது எந்த ஓம்?

போன வருடம், கச்சான் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து முகத்தில் அடித்த நாட்களில் நடந்தது இது. இடம், திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய மாடிக் கட்டடம். பல்கலைக்கழகத்தின் கடைசி வருடத்தில் சில மாதங்கள் எங்கேயாவது போய் வேலை பழக வேண்டும் என்பது விதி. கூட்டாளிகளில் ஒருவன் வங்கிக்குப் போனான். இன்னொருவன் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் போய், நண்டு சாப்பிடுகிற படமாக அனுப்பிக்கொண்டிருந்தான். எனக்குக் கிடைத்ததோ, புதிதாக வரும் மாணவர்களுக்குப் படிப்பில் உதவி செய்கிற ஒரு சிறிய அலுவலகம்.

ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரியும் என்று வீட்டில் சொன்னதுதான் நான் விட்ட பிழை. "மகன் ஹார்பரில வேலை" என்று அம்மா எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு மாமா இன்றைக்கும் என்னைக் கண்டால் என்ன கப்பல் வந்திருக்கிறது என்று கேட்கிறார். நானும் ஏதாவது ஒரு நாட்டின் பெயரைச் சொல்லிவைக்கிறேன்.

உண்மையான வேலை இதுதான். "எப்படிப் படிப்பது" என்று சொல்லித்தருகிற இணையத்தளங்கள், காணொளிகள் எல்லாவற்றையும் பார்த்து, எங்கள் முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு எது உதவும் என்று மதிப்பிட்டு ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும். நேரத்தைத் திட்டமிடுவது, குறிப்பெடுப்பது, பரீட்சைப் பயத்தைப் போக்குவது. இந்த வேலையை யாரிடம் கொடுத்தார்கள் பாருங்கள்! பரீட்சை மண்டபத்துக்குப் போகிற ஆட்டோவுக்குள் இருந்து பாடமாக்குகிற ஆள் நான்.

முதல் நாள், எனக்குப் பொறுப்பாக இருந்த மிஸ் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். அளவுகோல் என்றார், சான்று என்றார், நடுவில் ஆங்கிலத்திலும் ஏதேதோ சொன்னார். கடைசியில், "விளங்குதா தம்பி?" என்று கேட்டார்.

"ஓம் மிஸ்" என்று தலையாட்டினேன்.

ஒரு கிழமைக்குள் எனக்கு ஒன்று விளங்கியது. எல்லாத் தளமும் ஒரே தளம்தான். தண்ணீர் குடியுங்கள், நேரசூசி போடுங்கள், கைத்தொலைபேசியைத் தூர வையுங்கள். அதைக் கைத்தொலைபேசியில் வாசிக்கிறவன் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. இயந்திரம் தமிழாக்கிய ஒரு பக்கம், "ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் ஒரு முறிவை எடுங்கள்" என்றது. எலும்பிலா, மனத்திலா என்று அதில் போடவில்லை. நல்ல நித்திரையின் அவசியம் பற்றிய ஒரு காணொளியைப் பார்த்துக்கொண்டே கதிரையில் நித்திரையாகிப் போனேன். எழும்பி அதற்கு முழுப் புள்ளி போட்டேன். சொன்னதைச் செய்யவைத்த ஒரே காணொளி அதுதானே?

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அந்த நாட்கள் பெரிய களைப்பு. மின்விசிறி வெக்கையைத்தான் சுற்றிச் சுற்றித் தந்தது. அடிக்கடி கரண்ட் போகும். வந்தால் இணையம் வராது. படிப்பதைப் பற்றிப் படிப்பதைப் போல ஆளைச் சோரவைக்கிற வேலை வேறு இருக்குமோ தெரியாது. பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணுக்குள் கடற்கரை மண்ணைப் போட்டதுபோல உறுத்தும்.

எப்படியோ முதல் வரைவை எழுதி, அச்செடுத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். அதை வாசலில் இருந்த வாங்குப் பலகையில் வைத்துவிட்டுக் கோப்பையை வாங்கித் திரும்புவதற்குள், ஊருக்குள் திரிகிற மான் ஒன்று அதில் பாதியை மென்றுவிட்டது. மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். மிச்சத் தாள்களை அவர் வாங்கி வாசித்தார்.

"உங்கட ரிப்போட்டை முழுமனதோட உள்ளுக்கு எடுத்த ஆள் அந்த மான் மட்டும்தான்" என்றார். "எல்லாத்துக்கும் நன்று, மிக நன்று எண்டு போட்டிருக்கிறீங்கள். கலியாண வீட்டுச் சாப்பாட்டைக் கூட இப்பிடி ஒருத்தரும் புகழ மாட்டினம். ஒரு முதலாம் வருடப் பிள்ளையோட இருந்து பாருங்கோ. அந்தப் பிள்ளைக்கு இதால ஏதும் நடக்குதோ எண்டு பாருங்கோ. சரியோ?"

"ஓம் மிஸ்."

அப்படித்தான் அந்த முதலாம் வருடத் தங்கச்சி வந்தாள். மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலம் தாண்டி, விடிய வெளிக்கிடுகிற பஸ்ஸில் தினமும் வந்துபோகிறவள். வாப்பாவுக்கு மீன் வியாபாரம். வீட்டில் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆள் அவள்தான். ஆங்கிலத்தில் நடக்கிற பொருளியல் பாடத்தில் ஒருமுறை பிழைத்து, பெயிலாகிவிட்டாள். திரும்ப எழுதுகிற பரீட்சை அடுத்த மாதம் வர இருந்தது.

"இந்த முறையும் பிழைச்சா, படிச்சது காணும், வீட்டோட நிண்டுக்கோ எண்டு வாப்பா சொல்லிட்டார்" என்றாள், வெயில் கூடிப்போச்சு என்று சொல்வதைப் போல. "அவர் கோவத்துல சொல்லல்ல அண்ணா. நான் பஸ்ஸுல தூங்கி விழுறத்தப் பாக்க ஏலாமச் சொல்றார்."

நான் மதிப்பீட்டைத் தொடங்கினேன். ஒரு பக்கத்தை வாசிப்பேன். "விளங்குதா?" என்பேன். "ஓம் அண்ணா" என்பாள். ஒரு சரி போடுவேன். அடுத்த பக்கம். ஓம். சரி. முறிவை எடுக்கச் சொன்ன பக்கத்துக்கும் ஓம்தான். வேலை வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு இவ்வளவு திறமை இருப்பது இத்தனை நாளும் தெரியாமல் போய்விட்டதே என்றுகூட யோசித்தேன்.

திறமை கூடினால் எனக்குக் குறும்பும் கூடும். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, வாசிக்கிற வரிகளுக்கு நடுவில் என் சொந்தச் சரக்கு ஒன்றைச் செருகினேன். "படிக்கத் தொடங்க முதல், குறிப்பெழுதுகிற கொப்பியை உப்புத் தண்ணியில் ஊறவைக்கவும். விளங்குதா?"

"ஓம் அண்ணா."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்து, அவசரமாகக் கேட்டாள்: "எந்தக் கொப்பிய அண்ணா?"

சிரிப்பு பாதியில் நின்றது. அப்போதுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. நான் வாசித்த எதுவும் அவளுக்குள் போகவில்லை. ஊறவைக்கச் சொல்லியிருந்தால் ஊறவைத்திருப்பாள்; அந்த அளவுக்குப் பயத்தில் இருந்தாள்.

"பகிடிக்குச் சொன்னனான்" என்றேன். "விளங்காட்டி விளங்கேல்லை எண்டு சொல்லலாமே தங்கச்சி?"

அவள் பேனையை மூடி மேசையில் வைத்தாள். "வெளங்கல்ல எண்டு சொன்னா, நீங்க திரும்ப முதல்ல இருந்து வாசிப்பீங்க."

இதைவிட நேர்மையான மதிப்பீட்டை அந்த அலுவலகம் கண்டிருக்காது. எனக்குக் கோபம் வரவில்லை. நான் மிஸ்ஸுக்குச் சொன்ன ஓமும் இதே ஓம்தான் என்று அந்த நொடியில் தெரிந்தது. விரிவுரையாளருக்கு, வைத்தியருக்கு, வீட்டுக்கு வருகிற பெரியவர்களுக்கு, எல்லாருக்கும் நாங்கள் சொல்கிற ஓம். விளங்கியது என்பதல்ல அதன் பொருள். போதும், விடுங்கள் என்பதுதான்.

"கோவிக்காதீங்க அண்ணா, ஒண்டு கேக்கட்டா?" என்றாள். "இதுல சொல்ற மாதிரியா நீங்க படிக்கிறீங்க?"

"ஓ..." என்று வாய் பழக்கத்தில் திறந்தது. அவள் காத்திருந்தாள்.

"இல்லை" என்றேன்.

முதல்முறையாக அவள் சிரித்தாள்.

அன்றைக்கே அந்த அறையில் ஓமைத் தடைசெய்தோம். யாராவது வாய்தவறிச் சொன்னால், எதற்கு ஓம் சொன்னார்களோ அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சட்டத்தில் முதலில் மாட்டியதும் நான்தான். அம்மா தொலைபேசியில் வந்தார். "ஓம் அம்மா, ஓம் ஓம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். "அம்மா என்ன சொன்னாங்க? சொல்லுங்க பாப்பம்" என்றாள் அவள். எனக்கு ஒரு சொல்கூட நினைவில் இல்லை. திரும்ப எடுத்துக் கேட்க வேண்டியதாகப் போயிற்று. "புளி வாங்கிக்கொண்டு வா எண்டனான். என்னடா, ரெண்டாம் தரம் கேக்கிறாய், காய்ச்சலோ?" என்றார் அம்மா.

அடுத்த நாள் மிஸ்ஸிடம் போனேன். கப்பல் கதை விடுவது எனக்குச் சுலபம். இதைச் சொல்லத்தான் கதவடியில் இரண்டு தரம் திரும்பி நடந்தேன். "மிஸ், இந்த மதிப்பீடு எண்டா என்னெண்டு எனக்கு முதல் நாளே விளங்கேல்லை."

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்கள் ஓம் எண்டு சொன்ன வேகத்திலயே நினைச்சனான். நானும் திருப்பிக் கேட்டிருக்கோணும், களைப்பில விட்டிட்டன். இருங்கோ." மறுபடி விளக்கினார். ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அதற்காகவா இத்தனை கிழமை ஒளிந்து திரிந்தேன்!

போட்ட சரிகள் எல்லாவற்றையும் அழித்தோம். புதிய முறை சாதாரணமானது. அவள் தன் தொலைபேசியில், தன் டேட்டாவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிப்பாள். பிறகு மூடிவிட்டு, அதில் சொன்னதைத் தன் பொருளியல் பாடத்தில் செய்துகாட்ட வேண்டும். செய்ய முடியாவிட்டால் பிழை பக்கத்துக்குத்தான், அவளுக்கில்லை. நான் புகழ்ந்த தளங்கள் வரிசையாகச் சரிந்தன. சில படம் நிறைந்த பக்கங்கள் அவளுடைய தொலைபேசியில் திறக்கவே மறுத்தன. தப்பியவை கொஞ்சம்தான். அதில் ஒன்று, கரும்பலகையில் ஒரு மனிதர் எழுதிக்கொண்டே பேசுகிற பழைய காணொளி. படித்ததைப் பக்கத்தில் இருப்பவருக்கு உன் பாஷையில் சொல்லிப் பார், எங்கே நிற்கிறாயோ அங்கேதான் படிக்க வேண்டும் என்றது அது.

பக்கத்தில் இருந்தது நான். ஆகவே சனம் வாங்கக் கேட்கிற கேள்வி, சந்தைக்கு வருகிற நிரம்பல், விலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். "சூர மீன் வெல ஏறிட்டா சனம் சாளைக்கிப் போகும். அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேர் இருக்கு, இருங்க..." என்று தொடங்குவாள். நடுவில் நின்றுவிடுவாள். "இதுக்கு அங்கால தெரியா" என்பாள். அந்தத் தெரியாவைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அந்த இடத்தைக் கொப்பியில் தேடுவோம். சில நாட்களில் அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். சில நாட்களில் எனக்குச் சொருகும். இரண்டு பேரையும் எழுப்புவது துறைமுகத்தில் ஊதுகிற கப்பலாகத்தான் இருக்கும். ஹார்பரில் வேலை என்று அம்மா சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

பரீட்சை வந்தது, எழுதினாள். என் பயிற்சிக்காலமும் முடிந்தது. அறிக்கையை முதலில் இருந்ததைவிட மெலிதாகக் கொடுத்தேன். மிஸ் அதை மானுக்கு எட்டாத அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு நான் என் கடைசிப் பரீட்சைகளுக்குள் புதைந்துபோனேன். ஆனாலும் மூதூர் பஸ்ஸைக் காணும்போதெல்லாம் அவள் எப்படியாவது பாஸாக வேண்டும் என்று முணுமுணுப்பேன். கொப்பியை ஊறவைக்கச் சொன்ன வாய் அல்லவா?

பெறுபேறு வந்துவிட்டதாக ஒரு நாள் கேள்விப்பட்டேன். "என்ன மாதிரி? சரிவந்ததா?" என்று செய்தி அனுப்பினேன். பின்னேரம் தொலைபேசி அதிர்ந்தது. ஒரே ஒரு சொல்.

"ஓம்."

அதைப் பார்த்துக்கொண்டு பஸ் தரிப்பில் அப்படியே நின்றேன். வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். என்னால் பொறுக்க ஏலவில்லை. அழைப்பெடுத்தேன்.

"தங்கச்சி, அது எந்த ஓம்?"

அந்தப் பக்கம் மீன் கடைச் சத்தம், யாரோ விலை கேட்கிற சத்தம். அதற்கு மேலாக அவளுடைய சிரிப்பு. "நீங்க கேப்பீங்க எண்டு தெரியும்" என்றாள். "பாஸ் அண்ணா. மட்டுமட்டாத்தான். நாளைக்கும் விடிய பஸ்ஸுக்கு எழும்பணும்."

இப்போதும் யாராவது என்னிடம் ஓம் என்றால், நான் உடனே அடுத்த கதைக்குப் போவதில்லை. எவ்வளவு களைத்திருந்தாலும், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு "வெளங்கல்ல" வெளியே வர வழி தெரியாமல் நிற்கிறதோ என்று கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன்.