அக்காவுக்கு வாய்ப்பூட்டு

எங்கள் அக்கா பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். வீட்டிலும் அதே குரல்தான்: "காபி ஆறுது, பயணிகள் உடனே வரவும்!" அப்பேர்ப்பட்டவளின் தொண்டையில் கட்டி. அறுத்து எடுத்த டாக்டர், "ஒரு வாரம் மூச்! பேசினா குரல் போயிடும்" என்று சொல்லிவிட்டார். அத்தான் முகத்தில் அப்படியொரு களை, பாவி மனுஷன்!

என் தலைவிதி, அந்த வாரம் பார்த்துத்தான் எனக்கு அவள் யோசனை தேவைப்பட்டது. நான் பணிமனையில் பிரேக் மெக்கானிக். யார் வண்டியில் ஏறினாலும் என் கால் தானாகப் பிரேக் போடுவதுபோலத் தரையை மிதிக்கும், ஓட்டுகிறவர்கள் திட்டுவார்கள். அங்கே பஸ் ஓட்டுகிற ஒருத்தி எனக்குக் கெடு வைத்துவிட்டாள். "என்னைக் கட்டிக்கிறியா, இல்லையா? சாயங்கால வண்டி எடுக்கறதுக்குள்ள சொல்லு. என் வண்டில ஏறினாலே தூங்கி வழியற. பிடிக்கலைன்னா சொல்லிடு."

அவள்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் காலம் பூராவும் சரிப்பட்டு வருமா என்று உதறல்.

"கல்யாணத்துக்கு என்னக்கா வேணும்?"

அக்கா சிலேட்டில் எழுதினாள்: நம்பிக்கை.

"அட போக்கா! அப்படின்னா என்ன?"

வந்ததே கோபம் அவளுக்கு! அத்தானை இழுத்துவந்து ஏணியைப் பிடிக்க வைத்தாள். உச்சியில் ஏறி, இரண்டு கையையும் விட்டு பல்பு மாட்டினாள்.

"உயரமா?"

தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஆணியில் எப்போதும் தொங்கும் எங்கள் வீட்டுச் சாவியைக் காட்டினாள்.

"அக்கம்பக்கமா?"

சவரக்கத்தியை எடுத்தாள். அத்தான் கழுத்தில் நுரை பூசி வழிக்க ஆரம்பித்தாள். அந்த மனுஷன் கண்ணை மூடிக் குறட்டையே விட்டுவிட்டார்.

ஏணி, சாவி, கத்தி, குறட்டை... சட்டென்று உறைத்தது.

"அக்கா! அவ வண்டில மட்டும் என் கால் பிரேக் மிதிக்கிறதே இல்லை! தூங்கிடறேன்!"

அக்கா கத்த வாயைத் திறந்தாள். நானும் அத்தானும் பாய்ந்து பொத்தினோம்.

செருப்புகூட மாட்டாமல் ஓடினேன். வண்டி கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஜன்னலுக்குக் கீழே நின்று மூச்சிரைக்கக் கத்தினேன்: "உன் வண்டில மட்டும்தான் எனக்குத் தூக்கம் வருது!"

நடத்துநர் சிரித்தார். என் காலின் லட்சணம் தெரிந்த அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏறித் தொலை" என்றாள்.

ஏறினேன். சந்தோஷத்தில் அன்றைக்குப் பொட்டுத் தூக்கம் வரவில்லை.

குரல் திரும்பியதும் அக்கா ஒலிபெருக்கியில் முதலில் என்ன அறிவித்தாள் தெரியுமா? "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, என் தம்பிக்குக் கல்யாணம்!" மேலாளர் திட்டினாராம். திட்டட்டுமே.