மாத்திரைக்குக் கேட்காத நோவு

என் மகள் பால்குடி மறக்கும் முன்பே எனக்கு மூட்டு வாதம் வந்துவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கம். உத்தனப்பள்ளியில் புகுந்த வீட்டில் இருந்தேன். விடிந்து எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்காது. மணிக்கட்டு வீங்கிச் சுடும். வெயில் ஏற ஏறக் கை கொஞ்சம் இளகும். மதியம் களத்துக்குப் போய் ராகி புடைப்பேன். அந்த மதிய வேலைதான் என்மேல் பழியாக விழுந்தது.

“அதென்னாடி நோவு? அடுப்பு பத்த வெக்கறப்ப வருது, சோறு திங்கறப்ப போயிடுது!” என்பார் மாமியார்.

களி கிண்டுவது காலை வேலை. துடுப்பைப் பிடிக்க முடியாமல் நான் நின்றால், அவர் அதைப் பிடுங்கிக்கொண்டு தெலுங்கில் திட்டுவார். எனக்குத் தெலுங்கு புரியும் என்பது அவருக்கும் தெரியும்.

என் கணவர் ஓசூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் ஆஸ்பிரின் கொடுத்தார். குறையவில்லை என்றதும் அளவைக் கூட்டினார். காதுக்குள் ஓயாத இரைச்சல், வயிற்றில் எரிச்சல். வீக்கமோ கணுக்கால் வரை இறங்கியது. மறுபடி போனபோது டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. கணவரிடம் சொன்னார்: “மாத்திரைய ஒழுங்கா முழுங்கியிருந்தா கேட்டிருக்கும். வீட்ல கொஞ்சம் கவனிங்க.”

அன்றிலிருந்து மாமியார் என் எதிரில் நின்று மாத்திரை கொடுத்தார். முழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னார். நாக்கைத் தூக்கியும் காட்டினேன். கணவர் அதைப் பார்த்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போவார். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதற்குள் என் சுண்டுவிரல்கள் வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன.

பெங்களூரில் மில் வேலையில் இருந்த என் அண்ணன் ஊருக்கு வந்தபோது, நான் தம்ளரை விரலால் பிடிக்காமல் இரண்டு மணிக்கட்டாலும் அணைத்துக் குடிப்பதைப் பார்த்தார். கணவரிடம், “மச்சான், இவள நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார். மாமியார் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டார். “போறவ போகட்டும். புள்ள இங்கியே இருக்கட்டும்.”

பெங்களூர் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார். அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே நான், “மாத்திரை எல்லாத்தையும் முழுங்கினேங்க” என்றேன்.

அவர் கன்னடத்தில் சொன்னார்: “முழுங்கலன்னு நான் சொல்லலியேம்மா. உனக்கு அந்த மருந்து போதல. அதுக்கு நீ என்ன செய்வ?”

அங்கேயே அழுதுவிட்டேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாரத்துக்கு ஒன்றாகத் தங்க ஊசி போட்டார்கள். தங்கம் கலந்த மருந்து. மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றார்கள். ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் சிறுநீரைச் சோதித்தார்கள். ஊரில் நாத்தனார், “நமக்கெல்லாம் மூக்குத்திக்கே தங்கமில்ல, அவளுக்கு ஊசியில தங்கம்” என்று சொன்னது அண்ணன் வீடு வரை வந்து சேர்ந்தது.

மூன்று நான்கு மாதம் கழித்து, ஒரு காலை நானே ரவிக்கைக் கொக்கியை மாட்டினேன். வீக்கம் வடிந்துகொண்டே வந்தது. பிறகு உடம்பெல்லாம் அரிப்பும் தடிப்பும், வாயில் புண். டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டார்.

“நோவு பாதி அடங்கிடுச்சு. ஆனா கோணின விரல் இனி நிமிராது. இன்னும் முன்னாடியே வந்திருக்கணும்” என்றார்.

ஊருக்குத் திரும்பி இதைக் கணவரிடம் சொன்னேன். மாத்திரை கேட்காமல் போனது என் குற்றமில்லை என்பதையும் சொன்னேன்.

“அதான் முடிஞ்சிடுச்சே. இப்ப என்னாத்துக்கு அந்தப் பேச்சு?” என்றார். மாமியார் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. நான் முழுங்கிய மாத்திரைகளைப் பற்றி அந்த வீட்டில் அதன் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

என் மகள் என்னைக் கண்டதும் மாமியாரின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். சில நாளில் பழகிவிட்டாள். ஒரு காலை சீப்பும் ரிப்பனுமாக என்னிடம் வந்து உட்கார்ந்தாள். முடியை மூன்றாகப் பிரித்தேன். ஒரு பின்னலுக்கு மேல் விரல் போகவில்லை. இழுபட்டு அவளுக்கு வலித்திருக்கும். எழுந்து, சீப்பை எடுத்துக்கொண்டு மாமியாரிடம் போனாள். கல்யாணமாகிப் போகும் வரை அவளுக்குத் தலை பின்னியது அவர்தான்.