டிக் வந்த பிறகு

அப்படியொரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "அந்தப் பூட்டுக்கே இப்போ தன் மேல சந்தேகம் வந்திருக்கும்டி" என்று கணவன் கேலி செய்வான். ஆஸ்பத்திரியில் அவளுக்கு சர்வரம்மா என்று பெயர். பரிசோதனைக்கூடத்துக்குப் பின்னால், ஜன்னலில்லாத குளிரறையில், எல்லா நோயாளிகளின் முடிவுகளும் சேரும் சர்வர் கணினியை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அந்த வேலைக்கு அந்தப் பயம் தேவைதான்.

கூட்டம் கூடக்கூட சர்வர் திணறியது. முடிவை அடித்துச் சேமித்தால், திரையில் பச்சை டிக் வருவதற்குள் கொட்டாவி வந்துவிடும். டிக் வராமல் மாதிரிக் குப்பியைக் கழிவு வாளியில் போடக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அதனால் மேசையெல்லாம் குப்பிகள் தேங்கி நின்றன. மேலாளர் குளிரறைக்கே வந்து கத்தினார்.

"ஏம்மா, ஆமை கூட இதைவிட வேகமாப் போகும். ஏதாவது பண்ணேன்!"

"பண்ணலாம் சார். டிஸ்க்ல எழுதி முடிஞ்சதான்னு சர்வர் ஒவ்வொரு தடவையும் காத்திருக்கு. அதை நிறுத்திட்டா பறக்கும். ஆனா திடீர்னு கரண்ட் போச்சுன்னா, டிக் வந்தது கூட டிஸ்க்ல இருக்காது."

"அதான் யுபிஎஸ் இருக்கே! எதுக்கெடுத்தாலும் பயமா?"

யுபிஎஸ்ஸையும் நம்ப முடியாது என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. சர்வரின் அமைப்பில், காத்திருக்கச் சொல்லும் ஒரே ஒரு வரியை மாற்றினாள். மறுநாள் டிக் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. எல்லாரும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான். அவளோ மின்விளக்கு லேசாக மினுங்கினாலே குளிரறைக்கு ஓடினாள். நாளைக்குப் பழையபடி மாற்றிவிடலாம், நாளைக்கு மாற்றிவிடலாம் என்று நாளைக் கடத்தினாள்.

ஒரு நாள் காலை, வேலை மும்முரத்தில், மின்சாரம் போயே போய்விட்டது. யுபிஎஸ் ஒருமுறை வீறிட்டு அடங்கியது. உள்ளே பேட்டரி எப்போதோ உப்பிச் செத்திருந்தது. ஜெனரேட்டர் வந்ததும் சர்வரை எழுப்பினாள். கடவுச்சொல்லே தப்பித் தப்பி விழுந்தது. கடைசியாகச் சேமித்த முடிவுகள் சிலவற்றைக் காணோம்.

ரத்தம் என்றால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒன்று, காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தையின் முதுகுத்தண்டில் ஊசி இறக்கி எடுத்த நீர்.

அதைச் சோதித்த அக்கா, கூடத்திலேயே மூத்தவர், வாளியருகே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "டிக் வந்த மாதிரிதான் இருந்துச்சு. நான்தான் அவசரப்பட்டுக் குப்பியை வாளியில போட்டுட்டேன் போலிருக்கு. அணுக்களோட எண்ணிக்கையை ஞாபகத்துல வெச்சு எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா? பாவி நான்!"

"விடுங்கம்மா, மனுஷங்கன்னா தப்பு நடக்கத்தான் செய்யும்" என்றார் மேலாளர், பெரிய மனசுக்காரர் மாதிரி. சர்வரம்மாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, டிக் வந்துச்சு. நீங்க சரியாத்தான் பாத்தீங்க. அதைப் பொய் சொல்ல வெச்சது நான்."

அக்கா அவளை முறைத்துப் பார்த்தார். அழுகை நின்றுவிட்டது. "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தப் புள்ளயோட அம்மாகிட்ட வந்து சொல்லு."

வார்டில் மறுபடி நீர் எடுக்கக் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். தாய் அதன் தலையைப் பிடித்திருந்தாள். சர்வரம்மா திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னாள். தாய்க்கு சர்வரும் புரியவில்லை, டிஸ்க்கும் புரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இந்தத் தடவையாவது தொலையாம இருக்குமா?"

சர்வரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சர்வரை எழுப்பிய பதற்றத்தில் அந்த வரியை அவள் இன்னும் பழையபடி மாற்றவே இல்லை.

"ஊசி போடாதீங்க! நான் வர்ற வரைக்கும் போடாதீங்க!" என்று கத்திக்கொண்டே அவள் குளிரறையை நோக்கி ஓடினாள்.