கேஸில் இறந்தவர்

ஊரில் இருந்த காலத்தில் 'கேஸ்' என்ற சொல் எங்களை ஒருநாளும் பயமுறுத்தியதில்லை. காணி எல்லைத் தகராறு கோட்டுக்குப் போனால் கேஸ். ஓடிப்போய்க் கலியாணம் கட்டினால் லவ் கேஸ். ஆஸ்பத்திரி வாசலில் அம்புலன்ஸ் வந்து நின்றால், ஆள் யாரென்று கேட்கமுன் என்ன கேஸ் என்றுதான் கேட்பார்கள். கடையில் சோடாப் போத்தல் அடுக்கி இறக்கும் பெட்டியும் கேஸ்தான். கொஞ்சம் வில்லங்கமான ஆளைத் தெருவில் கண்டால், அது ஒரு கேஸ் என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தால் நடையைக் கட்டுவோம். இங்கிலீஷ்காரன் விட்டுப்போன சொல்லை எங்கள் சனம் அப்படித்தான் கண்ட இடத்தில் எல்லாம் புழங்கியது.

2009 கடைசியில் கலியாணம் முடிந்து, அடுத்த வருடம் சுவிஸில் துன் என்ற நகரத்துக்கு வந்து இறங்கிய பிறகுதான் இங்கே அதற்கு வேறொரு கனம் இருப்பது தெரிந்தது. இங்கே கேஸ் என்றால் அகதி விண்ணப்பம். நான் போன முதல் பிறந்தநாள் கொண்டாட்டத்தில், எந்த ஊர் என்று கேட்ட கையோடு எந்த வருசக் கேஸ் என்றும் கேட்டார்கள். கேஸ் எழுதிக் குடுப்பது, கேஸ் விழுவது, விழுந்த கேஸைத் திரும்ப எழுப்புவது என்று சாப்பிட்டு முடியும்வரை அதே கதை. நான் கலியாண விசாவில் வந்தவள், எனக்குக் கேஸ் இல்லை என்றேன். குடுத்து வைச்ச பிள்ளை என்று ஒரு அக்கா பெருமூச்சு விட்டா. இதில் என்ன குடுத்து வைச்சது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. என் கணவருடைய கேஸில் மாமா செத்துப் போயிருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆமி வந்து மாமாவை, இவருடைய அப்பாவை, பிடித்துக்கொண்டு போனது உண்மை. அடித்ததும் உண்மை. ஆனால் ஒரு கிழமைக்குள் அவர் நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்துவிட்டார். இவர் இங்கே வந்தபோது, எல்லாருக்கும் கேஸ் எழுதிக் குடுக்கும் ஒரு தமிழர் இருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, அப்பா திரும்பி வந்தால் கேஸ் நிற்காது தம்பி என்று சொன்னாராம். அதனால் அந்த வருகையை மட்டும் வெட்டிவிட்டார்கள். இருபது சொச்ச வயதுப் பெடியன், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் தலையாட்டினான். அந்தக் கேஸ் நின்றது. அகதி என்ற அங்கீகாரமும் கிடைத்தது. அதோடு இலங்கைக்குப் போகும் பாதையும் அடைபட்டது. போனால் அங்கீகாரம் பறிபோகும்.

அதனால்தான் எங்கள் கலியாணம் திருச்சியில் நடந்தது. மாமா யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே வந்து சேர்ந்தார். பகிடிக்காரர். கேஸ்ல என்னை அனுப்பியாச்சு, இனி எமன் என்ரை பேரைத் தேடமாட்டான் என்று மண்டபத்தில் எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பார். இவர் அந்தப் பகிடிக்கு ஒருநாளும் சிரித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஸ்கைப்பில் கதைப்பார்கள். கதை முடிந்ததும் இவர் பல்கனியில் போய்த் தனியே நிற்பார்.

நாங்கள் இருவரும் ஏரிக்கரையில் ஒரே ஹோட்டலில் வேலை. அவருக்குச் சமையலறை, எனக்கு அறைகள். சமையலறைக்குப் பொறுப்பான செஃப் உரத்துத் திட்டுவார், ஆனால் மனதில் ஒன்றும் வைக்காத மனிதர். வேலையிடத்திலும் இவர் கேஸில் உள்ள கதையைத்தான் சொல்லி வைத்திருந்தார். நான் வருவதற்கு முன்பே செஃபின் தகப்பன் இறந்திருக்கிறார். அந்த நாட்களில், இங்கே நிற்கிறவர்களில் உனக்கு மட்டும்தான் இது தெரியும் என்று சொல்லி என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அப்பா இல்லாத பிள்ளை என்று இவரை ஒரு தனிப் பாசத்தோடு நடத்துவார். ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், சுவரில் மாட்டியிருந்த கலியாணப் படத்தைப் பார்த்து, பக்கத்தில் நிற்கும் இந்த வடிவான கிழவர் யார் என்று கேட்டார். பெரியப்பா என்றார் இவர். நான் கறிச்சட்டியை எடுக்கிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். கோபமா வெட்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு சுவிஸ் குடியுரிமைக்கு எழுதிப் போட்டார். எங்கள் ஆட்கள் அதற்கும் வைத்த பெயர் சிற்றிசன் கேஸ். அந்தப் பாஸ்போட் கிடைத்தால் பயமில்லாமல் யாழ்ப்பாணம் போகலாம், அப்பாவின் வீட்டுக்குள் கால் வைக்கலாம். அவருக்கு வேறொரு ஆசையும் இருக்கவில்லை. ஜெர்மன் பாசைச் சோதனையில் ஒருமுறை சறுக்கி, நகரசபை நேர்முகத்துக்கு நாள் குறித்து வந்திருந்த நேரம் மாமா இறந்துபோனார். சனிக்கிழமை விடிய முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தாராம்.

செத்த வீட்டைக் கொம்பியூட்டரில் பார்த்தோம். கொள்ளி வைத்தது இவருடைய தம்பியார். மூத்த மகன் எங்கள் சோபாவில் வேட்டியோடு இருந்தார். காய்ச்சல் என்று சொல்லித்தான் வேலைக்கு லீவு எடுத்திருந்தார். துக்கம் விசாரிக்க வந்த எங்கள் சனம் மாடிப்படியில் சத்தமில்லாமல் ஏறி வந்தது. கதவுக்கு வெளியே குவிந்து கிடந்த சப்பாத்துகளைக் கண்ட கீழ்வீட்டு மனுசி என்ன விசேஷம் என்று கேட்க, முன்னுக்கு நின்ற ஒருவர் பதறிப்போய்ப் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டார். அந்த அப்பாவி மனுசி உள்ளே எட்டிப் பார்த்து எங்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

அன்று பின்னேரம் தலையை மொட்டையடித்துத் தரச் சொன்னார். குளியலறையில் வைத்து நான்தான் மெஷினால் வழித்தேன். அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் வாசலில் நின்று புத்தி சொன்னார்.

"வேலையிலை கேட்டால் கோயில் நேர்த்திக்கடன் எண்டு சொல்லும். வாயைத் திறந்து கேஸைக் குழப்பிப் போடாதையும். பொய் சொன்னது எண்டு எழும்பினால் சிற்றிசனும் இல்லை, இருக்கிறதும் இல்லை."

அவர் சொன்னதில் பிழை இல்லை. எங்களுக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள். இந்த ஊரை விட்டால் அவளுக்குப் போக இடமில்லை. ஓம், நேர்த்தி எண்டே சொல்லுங்கோ என்று நானும் சொன்னேன். இவர் தலையைத் தடவிக்கொண்டு சரியென்றார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனோம். மத்தியானச் சமையலுக்கு முன் நாங்கள் எல்லாரும் ஒரு நீள மேசையில் இருந்து சாப்பிடுவது வழமை. அன்றைக்கு மற்றவர்கள் எழும்பிப் போகும்வரை செஃப் பொறுத்திருந்தார். பிறகு கோப்பியை எடுத்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்து இருந்தார். மொட்டைத் தலையைப் பார்க்கவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. காய்ச்சல் என்று லீவு, வந்தால் தலையில் மயிர் இல்லை. மனுசன் தன்பாட்டில் ஒரு கணக்குப் போட்டுக் கலங்கிப் போயிருக்கிறார்.

"உண்மையைச் சொல்லு. புற்றுநோயா?" என்று கேட்டார்.

நேர்த்தி என்ற சொல்லுக்காக நான் காத்திருந்தேன். ஜெர்மனில் அதை எப்படிச் சொல்வது என்றுகூட விடிய பஸ்ஸில் சொல்லிப் பார்த்திருந்தோம்.

"இல்லை. அப்பா செத்திட்டார்," என்றார் இவர்.

செஃப் மெதுவாகத் தலையாட்டினார். அது தனக்குத் தெரியும்தானே, அவர் எப்பவோ போனவர், இப்போது ஏன் அதைச் சொல்கிறாய் என்று கேட்டார். தப்பிக்க இன்னொரு வழி திறந்து கிடந்தது. நினைவு நாள் என்று சொன்னாலே போதும். நான் மேசைக்குக் கீழே அவருடைய முழங்காலைப் பிடித்து அமத்தினேன். அவர் என் கையை எடுத்து மேசைக்கு மேலே வைத்துப் பொத்திக்கொண்டார்.

"இல்லை. போன சனிக்கிழமை. நீங்கள் என்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டு அழுதபோது என்ரை அப்பா உயிரோடை இருந்தவர். எங்கடை வீட்டுப் படத்திலை நீங்கள் பார்த்தது அவரைத்தான்."

இதை அவர் சொன்னது தட்டுத்தடுமாறிய ஜெர்மனில்தான். எனக்குள் விழுந்தது தமிழில்.

செஃப் கோப்பியைத் தள்ளி வைத்தார். அவர் ஒரு வார்த்தை வெளியே விட்டால் எங்கள் கதை முடிந்தது. அவர் விடவில்லை, பாஸ்போட்டும் அடுத்த வருடம் வந்தது. ஆனால் அந்த நிமிடத்தில் அது ஒன்றும் எனக்குத் தெரியாது. அவருடைய முகம் சிவந்து வந்ததை மட்டும் கண்டேன். தன்னை ஏமாற்றிவிட்டான் என்று கத்தப் போகிறார், கத்தினால் அதில் நியாயமும் உண்டு என்று நினைத்தேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, செத்த வீட்டுக்கு வருகிற எவரும் கேட்கிறதைக் கேட்டார்.

"எத்தனை வயசு?"

"எழுபத்தெட்டு," என்றார் இவர். சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. கேஸில் மாமா ஐம்பத்தாறு வயதோடு நின்றுபோயிருந்தார்.