ஆணி அடிக்காத பெட்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில் நடந்தது இது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தகரம் போட்ட ஷெட்டில் கட்டில், மேஜை, அலமாரி செய்யும் தச்சன் நான். அந்தக் காலையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், எனக்கும் பின்வீட்டுக் குழந்தைக்கும் இருந்த ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும்.

ஷெட்டின் பின்பக்கத் தகரத்தை ஒட்டி ஒரு வாடகை வீடு. அதில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் புதிதாகக் குடிவந்திருந்தது. கணவருக்குக் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. மனைவி கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பார். வந்த ஒரு வாரத்துக்குள்ளேயே அவர் ஷெட்டுக்கு வந்து மெஷினை நிறுத்தச் சொன்னார். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே. "ஆளாளுக்கு வந்து நிறுத்துன்னா நான் இன்னாம்மா பண்றது? இது ஆசாரி ஷெட்டா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டேன். அவர் இடுப்பிலிருந்த குழந்தையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அழுது அழுது, அதன் உதடு நாவல்பழம் தின்றது போல நீலமாக இருந்தது.

"பொறக்கும்போதே இதயத்துல ஓட்டைண்ணா. ஆப்பரேஷன் பண்ண இன்னும் வெயிட் ஏறணும்னு சொல்லிக்கீறாங்க. அதுவரைக்கும் அழ விடக் கூடாதாம். தூக்கத்துல சத்தம் கேட்டா பதறி எழுந்து அழுவுது. உடனே நீலமாயிடுது" என்றார்.

அன்றே பேசி முடித்தோம். குழந்தை தூங்கினால் எனக்கு ஒரு மிஸ்டு கால் வரும். எழுந்தால் இன்னொன்று.

மரவேலையில் இரண்டு கட்டைகளைச் சேர்க்கும் மூட்டுதான் உயிர். ஒன்றில் துளை, இன்னொன்றில் அந்தத் துளைக்குள் போய் உட்காரும் நாக்கு. மெஷினில் வெட்டினால் நொடியில் முடியும், ஆனால் அது போடும் கூச்சல் தெருமுனை வரை கேட்கும். கையால் என்றால் ரம்பமும் உளியும்தான், நேரம் பிடிக்கும். குழந்தை விழித்திருந்தால் மெஷின் வேலை, தூங்கினால் கைவேலை என்று என் பிழைப்பே அதன் தூக்கத்தைச் சுற்றி நடந்தது. "உன் பொண்ணுதான்மா இப்ப எனக்கு சூப்பர்வைசரு. அவ ஷிஃப்ட் போட்டாதான் எனக்கு வேலையே" என்று கிண்டல் செய்வேன். அவர் சிரிப்பார். குழந்தையும் என் மீசையைப் பார்த்துச் சிரிக்கும். "இன்னும் அரை கிலோ ஏறினா போதும்ணா" என்று ஒருநாள் ஓடி வந்து சொன்னார். எனக்கே கல்யாணம் நிச்சயமானது போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தக் காலை, குழந்தையின் அப்பா ஷெட்டு வாசலில் வந்து நின்றார். கம்பெனி யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"பாப்பா போயிட்டாண்ணே. சாயந்தரம் அடக்கம். ஒரு பெட்டி செஞ்சி குடுங்க" என்றார். தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார். "கடையில வாங்குனா, கடைசியா மூடி மேல ஆணி அடிப்பாங்க இல்ல? அது வேணாங்கிறா பாப்பாவோட அம்மா. சத்தம் கேட்டா பாப்பா பதறுவா, ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லிகினே கீறா. நான் இன்னாண்ணே சொல்றது அவகிட்ட?"

"நான் பாத்துக்கறேன்" என்றேன். ஆனால் பெட்டிக்கு அளவு வேண்டுமே, அதை எந்த வாயால் கேட்பது? நான் தயங்குவதைப் பார்த்து, அவரே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். தினமும் தூக்கிய கை, அதற்கு அளவு தெரியும். அந்தக் கைகளுக்கு நடுவே டேப்பைப் பிடித்தேன். எந்தத் தச்சனுக்கும் அப்படி ஒரு அளவு எடுக்கும் கதி வரக் கூடாது.

ஓர் ஆர்டருக்காக வைத்திருந்த தேக்குப் பலகையை இறக்கினேன். மெஷின் சுவிட்சில் கை வைக்க மனம் வரவில்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம்தான், ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். ரம்பத்தால் அறுத்து, உளியைத் தட்டாமல் உள்ளங்கையால் அழுத்தியே சீவினேன். இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொள்வது போல, நான்கு மூலையிலும் பலகை முனைகள் ஒன்றுக்குள் ஒன்று போகும்படி பல் பல்லாக வெட்டினேன். மூடிக்கு, பக்கப் பலகைகளின் உள்பக்கம் நீளமாகப் பள்ளம் எடுத்தேன். மூடி அதில் சறுக்கிக்கொண்டு போய் மூடிக்கொள்ளும்.

முதல் மூலையைச் சேர்த்தபோது அது பாதியில் நின்றுவிட்டது. இத்தனை வருடப் பழக்கம். கையால் தள்ளினாலே இறங்கும் மூட்டு நாளைக்கே ஆடும், மரச்சுத்தியால் தட்டித்தான் இறக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். என் கை தன்பாட்டுக்கு அப்படியே இறுக்கமாக வெட்டியிருந்தது. சுத்தியை எடுத்து ஓங்கியும் விட்டேன். அந்தப் பக்கம் யாரோ விசும்பியது கேட்டது. ஓங்கிய கையை இறக்கினேன். மூட்டைக் கழற்றி, ஒவ்வொரு பல்லையும் மயிரிழை மயிரிழையாகச் சீவினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு போட்ட கோடே தெரியவில்லை. துடைத்துத் துடைத்துச் சீவினேன். மதியம் தாண்டி, நான்கு மூலையும் கை அழுத்தத்துக்கே இறங்கின.

சாயந்தரம் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன். கனமே இல்லை. ஜெபம் முடிந்ததும், அதை நடத்திய சர்ச் உபதேசியார், "ஆணியும் சுத்தியும் யாரு வெச்சிருக்கீங்க?" என்று வழக்கம்போலக் கேட்டார். "தேவையில்லீங்கய்யா" என்று சொல்லி, மூடியைப் பள்ளத்தில் பொருத்திவிட்டு விலகி நின்றேன். குழந்தையின் அம்மா எழுந்து வந்தார். யாரும் தடுக்கவில்லை. மூடி மேல் உள்ளங்கையை வைத்து, மெல்ல மெல்லத் தள்ளினார். சின்னச் சத்தம்கூட இல்லை. மூடி முழுதும் போய்ச் சேர்ந்ததும் திரும்பி என்னைப் பார்த்து, "எழுந்திருக்கலண்ணா" என்றார்.

அதுவரை அடக்கிக்கொண்டு நின்றிருந்த ஆம்பிளைகள் எல்லாரும் அழுதுவிட்டார்கள்.

அதன் பிறகு எனக்கு மெஷினைப் போடவே தோன்றவில்லை. அந்த வீட்டுக்குக் கேட்கும்படி கூச்சல் போடுவது பாவம் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கையாலேயே செய்தேன். கட்டில் கேட்டவர்கள் போனில் திட்டினார்கள், கேட்டுக்கொண்டேன். அந்தக் குடும்பத்துக்கு நான் செய்கிற மரியாதை அது என்றுதான் எனக்கு எண்ணம்.

ஒரு வாரம், பத்து நாள் போயிருக்கும். ஒரு முற்பகல் குழந்தையின் அம்மா ஷெட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். இடுப்பில் குழந்தை இல்லாமல் அவர் ஷெட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, மெஷின் போடுங்கண்ணா" என்றார்.

"பரவால்லம்மா, அவசரம் ஒண்ணும் இல்ல."

"அதுக்கில்லண்ணா. நீங்க சத்தம் போடாம இருந்தா பாப்பா தூங்கறா மாதிரியே கீது. எப்ப எழுந்திருப்பான்னு காது அங்கியே நிக்குது. என்னால முடியல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் வீட்டுக் கதவு சாத்தும் வரை காத்திருந்து சுவிட்சைப் போட்டேன். அந்தக் கூச்சலில் நான் வாய்விட்டு அழுதது யாருக்கும் கேட்டிருக்காது.

அவர்கள் குன்றத்தூர் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார்கள். ஆனால் அவர் மெஷின் போடச் சொன்ன நாளிலிருந்து எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும், இவர்களுக்கு இதுதான் ஆறுதல் என்று நானாக முடிவு செய்துகொள்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்யட்டும் என்று அவர்களிடமே கேட்கிறேன்.