ஏழாம் நம்பர் வண்டியின் முதல் குரல்

வெள்ளானூரில் நாகேந்திரனைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவர் குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. பால் பூத்தில் நின்று அரை லிட்டர் கேட்டாரென்றால் அடுத்த தெருவில் குழந்தை முழித்துக்கொள்ளும். மனுஷன் மேல் தப்பில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில், பிரஸ் ஷாப்பில், இருபத்து மூன்று வருஷம் நின்றவர். மிஷின் தகட்டை அடிக்கிற அடியில் பக்கத்து ஆள் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். காதில் வைக்கக் கம்பெனி பஞ்சு கொடுத்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் விளக்குக்குத் திரி போட்டவர்கள்தான் அதிகம். நாகேந்திரன் வீட்டிலும் அதே கதைதான்.

பாட்டு வந்தது கம்பெனி பஸ்ஸில். ஏழாம் நம்பர் வண்டி, டிரைவர் ஜம்புலிங்கம். வழியில் ஒரு ரயில்வே கேட். அது மூடினால் இருபது நிமிஷம் போச்சு, வாட்ச்மேன் லேட் போட்டுவிடுவான். ஒருநாள் கேட் திறக்கிற வழியாக இல்லை, டிரைவருக்குப் பின்சீட்டில் இருந்த நாகேந்திரன் கடுப்பில் "கேட்டு போட்டான், லேட்டு போட்டான்" என்று ராகமாக இழுத்தார். பின்னாலிருந்து பத்துப் பேர் வாங்கிப் பாடினார்கள். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து கேட் மூடாவிட்டாலும் பாட்டு. ஃபோர்மேனைப் பற்றி ஒன்று, கேன்டீன் சாம்பாரைப் பற்றி ஒன்று என்று சொந்தமாகக் கட்டிய பாட்டுகளே முப்பதுக்கு மேல் சேர்ந்தன. எடுத்துக் கொடுக்கிற முதல் குரல் எப்போதும் நாகேந்திரன்தான்.

மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் வடிவு. இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. அடித்து வந்த பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, மயிரிழை பிசகினாலும் சிவப்புப் பெட்டியில் போடுகிறவள். ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, ரெண்டாவது வரியில் சுருதி இறங்கிவிட்டது என்று நாகேந்திரனிடம் நேராகவே சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வீட்டுக்குப் போய்ப் பத்துத் தடவை பாடிப் பார்த்தார், அவள் சொன்னதுதான் சரி. அடுத்த தையில் கல்யாணம். சும்மா சொல்லக் கூடாது, அந்த வண்டியிலேயே சுத்தமான குரல் அவளுடையதுதான். அடுப்பிலே குழம்பு கொதித்தாலும் பாடிக்கொண்டேதான் கிண்டுவாள்.

கம்பெனி மூடியபோது பஸ்ஸும் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யார் கூப்பிட்டார்கள் என்று தெரியாது, எல்லாரும் வெள்ளானூர் சமுதாயக் கூடத்தில் வந்து நின்றார்கள். நாற்காலிகளை ரெண்டு ரெண்டாகப் போட்டு நடுவில் வழி விட்டார்கள். ஜம்புலிங்கம் முன்னால் தனியாக உட்கார்ந்தார். அவரவர் பழைய இடத்தில் அவரவர். பிறகு சுற்றிலும் ஃபிளாட் கட்டிக்கொண்டு வந்த ஐ.டி. ஜனங்களும் சேர்ந்தார்கள். புதிதாக வந்தவர்களிடம் "நீ ஜன்னல் சீட்டு" என்றால் முழிப்பார்கள். மேல் குரலில் பாட வேண்டும் என்று அர்த்தம். பின்சீட்டு என்றால் கீழ்க்குரல். குழுவுக்குப் பெயரே ஏழாம் நம்பர் வண்டி என்று நிலைத்துவிட்டது.

இதற்குள் நாகேந்திரனின் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒத்துக்கொண்டால்தானே. காலிங் பெல் அடித்தால் வடிவு எழுந்து போவாள். யாராவது ஏதாவது கேட்டால், அவர் காதருகே குனிந்து எடுத்துச் சொல்வாள். கூடத்தில் பாட்டுத் தொடங்க வேண்டிய நேரத்தில் அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவாள். சென்னீர்குப்பத்தில் குடித்தனம் இருக்கும் மகள் லாவண்யா, காது மிஷின் வாங்கலாம் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்து போனாள். மிஷின் மாட்டிக்கொண்டு பாடினால் ஊர் சிரிக்கும் என்றார் அவர். பிடிவாதத்துக்குக் குறைச்சலே கிடையாது.

போன வருஷம் பொங்கலுக்கு ஒரு பெரிய ஃபிளாட் வளாகத்தில் பாட அழைப்பு வந்தது. முதல் மேடை. ஒத்திகையில், சின்ன வயதில் முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்ட கிருஷ்ணப்பிரியா என்ற பெண் செல்போனில் சுருதி வைத்தாள், இன்னொரு போனில் பதிவும் செய்தாள். பாதியில் நிறுத்தச் சொல்லி என்னவோ சொன்னாள். நாகேந்திரனுக்குக் கேட்கவில்லை. வழக்கம்போல வடிவு எடுத்துச் சொன்னாள். தன் சுருதி போகிறதாம் என்றாள்.

அவருக்கு மானமே போன மாதிரி ஆகிவிட்டது. ஊரார் குறையெல்லாம் கண்டுபிடித்தவளுக்குச் சொந்தக் குறை தெரியவில்லையா என்று அத்தனை பேர் முன்னால் கத்தினார். வயசானால் குரல் போகும், போனால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்றார். அவள் எழுந்து கடைசி வரிசைக்குப் போனாள். பொங்கல் மேடையிலும் பின்னால் நின்று கைதான் தட்டினாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்படியே.

ஆடி மாதம் ஒரு காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் ரெண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் இல்லை.

எடுத்துச் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் நாகேந்திரன் கேஸ்காரனுக்குக் கதவு திறக்கவில்லை, குக்கர் தீய்ந்ததும் தெரியவில்லை. ஒருநாள் அவராகவே லாவண்யாவிடம் மிஷின் வாங்கலாம் என்றார். குமணன்சாவடியில் ஒரு கடையில் சோதித்து, ரெண்டு காதிலும் மாட்டிவிட்டார்கள். வெளியே வந்ததும் பஸ் ஹாரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் கையிலிருந்த பிளாஸ்டிக் பையின் சரசரப்பைக் கூட நின்று கேட்டார். அப்புறம்தான் வாங்கியதற்கான காரணத்தைச் சொன்னார்.

"உங்கம்மா குரல நான் ஒழுங்கா கேட்டு பத்து வருசம் ஆவுது. ஒரு தபா கேக்கணும்டி."

குரலுக்கு எங்கே போவது? வீட்டில் போட்டோ இருந்தது, கல்யாண ஆல்பம் இருந்தது. அவள் பாடியதை யாரும் பிடித்து வைக்கவில்லை, அந்த ஒத்திகைப் பதிவு ஒன்றைத் தவிர. கிருஷ்ணப்பிரியாவிடம் கேட்டார். அது அழிந்துபோயிருக்கும் என்றாள். அடுத்த வாரம் கேட்டார், தேட வேண்டும் என்றாள். ஜம்புலிங்கத்திடம் முறையிட்டால் அவரும் எதுக்கு அண்ணாத்தே அதெல்லாம், மனசுதான் கஷ்டப்படும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாகேந்திரன் விடவில்லை. பிள்ளை மாதிரி அந்தப் பெண் வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் கண் கலங்கி, தனியாகக் கேட்காதீர்கள் அங்கிள் என்று மட்டும் சொல்லி, பதிவை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

ஞாயிறு மத்தியானம், லாவண்யாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போட்டார்.

பாட்டு தொடங்கியது. வடிவின் குரல் வந்தது. அவர் வாய் விட்டே அழுதார். கம்பி போல நேராக, பிசிறில்லாமல் இருந்தது. அதன் மேலேயே ஒரு கரகரத்த ஆண் குரல் எங்கெங்கோ அலைந்துகொண்டிருந்தது. யாருடா இவன், பாட்டைக் கெடுக்கிறானே என்று எரிச்சலாக வந்தது. இரண்டாவது வரியில்தான் தெரிந்தது. அது அவரேதான்.

பாட்டு நின்றது. கிருஷ்ணப்பிரியாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. நீங்க சுருதியில இல்ல. ஆன்ட்டி சரியாத்தான் பாடறாங்க."

"இன்னாவாம் அந்தப் பொண்ணுக்கு?" அது அவர் குரல்.

கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் அந்தப் பெண் சொன்னது கேட்டிருக்கிறது. ஒருத்தர் வாய் திறந்தார்களா? இல்லை.

"என் சுருதி போவுதாங்க" என்றாள் வடிவு.

அப்புறம் அவர் கத்தியதெல்லாம் வந்தது, ஒரு வார்த்தை விடாமல். எல்லாம் முடிந்த பிறகு வடிவு பேசினாள்.

"சரிங்க. நான் பாடல. கை தட்றேன்."

லாவண்யா போனை நிறுத்தினாள். நாகேந்திரன் கேட்டார், இந்த முறை கத்தாமல்.

"அதுக்கப்புறம் ஆறு மாசம் உசுரோட இருந்தாளே. அடுப்பாண்ட பாடிகினே இருப்பா இல்ல, அதுவாச்சும் பாடினாளாம்மா?"

லாவண்யாவுக்குத் தெரியவில்லை. அவள் சென்னீர்குப்பத்தில் இருந்தாள். அந்த ஆறு மாதமும் அந்த வீட்டில் வடிவோடு இருந்தவர் அவர் ஒருத்தர்தான்.