மெருகு போடாத தொட்டில்

எதிர்வீட்டில் புதுக்கதவுக்கு மெருகு போடுகிறார்கள். ஸ்பிரிட்டும் அரக்கும் கலந்த வாடை காலையிலிருந்து சன்னல் வழியாக வந்துகொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார். நானோ நாற்காலியைச் சன்னலோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்தாலும் சரி, மல்லிகைப் பூவைவிட எனக்கு இந்த வாடைதான் பிடிக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு மரப்பட்டறையில் நான் மெருகுக்காரன். கட்டிலோ பீரோவோ, தச்சர்கள் வேலையை முடித்த பிறகுதான் என் கை படும். முகூர்த்தம் நெருங்கிவிட்டது என்று முதலாளி எவ்வளவு பறந்தாலும் பலகையைக் கன்னத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஈரம் இருக்கிறது, ஆறு நாள் போகட்டும் என்பேன். மழை நாளில் மெருகு போட்டால் வெளுத்துவிடும் என்று சின்னாளப்பட்டிச் சேலை வியாபாரி ஒருவரைத் திருப்பியே அனுப்பியிருக்கிறேன். எதற்கு எப்போது மெருகு போடுவது என்று ஊரிலேயே எனக்குத்தான் தெரியும் என்கிற நினைப்பு!

அந்த நினைப்பில்தான் முதல் பிள்ளைக்குத் தொட்டில் செய்தேன். மெருகு வாடை முழுக்கப் போக ஒரு மாதமாவது வேண்டும். அதனால் என் மனைவி பவுனுக்கு ஏழாம் மாதம் வளையல் போட்ட கையோடு தொட்டிலுக்கு மெருகு போட்டு, பளபளவென்று வீட்டில் கொண்டுவந்து வைத்தேன். பிள்ளை பிறக்கும் முன்னே எதையும் தயாராக வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமியார் சொல்லத்தான் செய்தார். நான் கேட்கவில்லை. பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அதற்கும் தொட்டிலுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பவுனின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், அதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவள் மறுபடி உண்டானாள். பட்டறையில் மிஞ்சிய தேக்குத் துண்டுகளை வைத்து இன்னொரு தொட்டில் செய்ய ஆரம்பித்தேன். அவள் தடுக்கவில்லை. மெருகுச் சட்டியை எடுத்தபோதுதான் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தொட்டி செய்யுங்க, வேணாங்கல. மெருகு மட்டும் போடாதீங்க. முடிஞ்சு போச்சுன்னு எதையும் வைக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

சட்டியை மூடி வைத்தேன். சிராய் குத்தாமலிருக்க உப்புத்தாளை மட்டும் நாள் கணக்காகப் போட்டுத் தேய்த்தேன். வெயிலில் முகம் சுருங்கிப்போய் நின்றது அந்த மரம். பட்டறையில் என்னோடு வேலை பார்த்த அந்தோணி ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, "ஏலே, மெருகுக்காரன் வீட்டுத் தொட்டியா இது? சொறி புடிச்ச மாதிரியில்ல இருக்கு" என்று கேலி செய்தான். எனக்கு மானம் போயிற்று.

மகள் பிறந்தாள், நல்லபடியாக. அப்பாடா என்று சட்டியைத் திறந்தால், பச்சைப் பிள்ளைக்கு அந்த வாடை ஆகாது என்றாள் பவுனு. அப்புறம் பல் முளைக்கட்டும் என்றாள். பல் ஊறும்போது பிள்ளை கட்டையைக் கடித்துவிடுமாம். தவழட்டும், நடக்கட்டும் என்று தள்ளிப்போட்டதில், அடுத்த பிள்ளை வந்துவிட்டது. அதற்கும் இதே கதைதான். ஊரெல்லாம் தேதி குறித்துக் கொடுத்த எனக்கு என் வீட்டில் ஒரு நாள் வாய்க்கவில்லை. மூன்று பிள்ளைகள் அதில் வளர்ந்தார்கள்.

பவுனு போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. போன மாதம் பேத்திக்குக் குழந்தை பிறந்ததும், மகள் அந்தத் தொட்டிலைக் கேட்டுக் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போனாள். பிறகு போனில் படம் அனுப்பினாள். கடையில் கொடுத்து மெருகு போட்டிருக்கிறாள். குறை சொல்ல முடியாது, சுத்தமான வேலை.

"எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கும்மா" என்றேன்.

தொட்டிலை ஆட்டும்போது மேல்கட்டையில் எப்போதும் ஒரே இடத்தைத்தான் பிடிப்பாள் பவுனு. எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அந்த இடம் நாலு விரல் அகலத்துக்குக் கறுத்திருக்கும். படத்தைப் பெரிதாக்கித் தேடிப் பார்த்தேன். உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள்.